பயிர்ச் சுழற்சியில் உரக் கணக்கு: நெல், மக்காச்சோளம், சிறுதானியம் பற்றி மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியாறு வாய்க்காலில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நெல், அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோக நெல்லும் தரிசு உளுந்தும் (நெல் வயலின் மிச்ச ஈரத்தில் விளையும் உளுந்து), உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மக்காச்சோளம், சோளம், குதிரைவாலி. மதுரை மாவட்டத்தில் வாய்க்கால் தண்ணீரும் மழையும்தான் பயிர் வரிசையைத் தீர்மானிக்கின்றன. உரத்தை மட்டும் இன்னமும் பயிருக்குப் பயிர் தனித்தனியாகப் போடுகிறோம். முன்பயிர் எதை எடுத்தது, எதை விட்டுப் போனது என்று பார்த்துப் போட்டால், வாங்கும் அதே மூட்டையில் மகசூல் கூடும். இங்கே சொல்லும் அளவுகள், எக்டேர் என்று குறித்தவை தவிர, எல்லாம் ஏக்கர் கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைகளை ஏக்கருக்கு மாற்றித் தந்திருக்கிறோம்.

போன வருஷம் போட்ட அதே உரத்தைத்தான் போட்டேன். இந்த வருஷம் நெல் ஏன் ஏறவில்லை?

முதலில் முன்பயிரைப் பாருங்கள். நெல்லுக்கு முன்னால் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுதிருந்தால் ஒரு கணக்கு, கோடையில் சோளம் எடுத்திருந்தால் வேறு கணக்கு. சோளத் தாளும் வேரும் மண்ணில் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பயிர் வெளுத்துத்தான் நிற்கும். அந்த நேரம்தான் நெல்லுக்குத் தூர் (பக்கக் கிளை) வெடிக்கும் நேரம். தூர் குறைந்தால் பிறகு எவ்வளவு யூரியா போட்டாலும் கதிர் எண்ணிக்கை திரும்ப வராது.

இரண்டாவது, போட்ட யூரியா பயிருக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி. நெல் வயலில் வீசும் யூரியாவின் தழைச்சத்தில் பயிர் எடுப்பது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். நன்றாகப் பராமரிக்கும் வயலில் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 15 முதல் 25 கிலோ நெல் கூடுதலாகக் கிடைக்கும். தேங்கிய தண்ணீரில் வீசிவிட்டுப் போனால் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

மண் பரிசோதனைக்கு எப்போது, எப்படி மண் எடுப்பது?

அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன்னால், வயல் காய்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும். உரம் போட்ட சூட்டோடு எடுத்தால் பலன் இல்லை. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். வயலில் 10, 15 இடத்தில் இப்படி எடுத்துக் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இதைச் செய்யலாம். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் வாய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். செவலும் கரிசலும் ஒரே சர்வே எண்ணில் இருந்தால் இரண்டு பையாகத்தான் கொடுக்க வேண்டும்.

பரிசோதனை முடிவாகத் தரும் மண் வள அட்டையில் எக்டேர் கணக்கில் எண்கள் வரும். தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழ், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 11 கிலோவுக்குக் கீழ், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 118 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு. மணிச்சத்து 22 கிலோவுக்கு மேல், சாம்பல்சத்து 280 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம். குறைவு என்றால் பொதுப் பரிந்துரையில் கால் பங்கு கூட்டுங்கள், அதிகம் என்றால் கால் பங்கு குறையுங்கள். பரிசோதனைக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. யானைமலை ஒத்தக்கடையில் 1965-லிருந்து இயங்கும் வேளாண்மைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

நெல்லுக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

கோ 51, ஏடிடி 45 போன்ற குறுகிய கால ரகத்துக்கு நம் பகுதிப் பரிந்துரை எக்டேருக்கு 120:40:40 கிலோ (தழை, மணி, சாம்பல்சத்து என்ற வரிசையில்). ஏக்கருக்கு மாற்றினால் டிஏபி (மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள உரம்) 35 கிலோ, யூரியா 90 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ. யூரியா இப்போது 45 கிலோ மூட்டை என்பதால் சரியாக இரண்டு மூட்டை. 50 கிலோ மூட்டை இருந்த காலத்துப் பழக்கத்தில் கணக்குப் போடாதீர்கள்.

டிஏபி முழுவதும் அடியுரம். அதனுடன் யூரியா 12 கிலோ. மீதி யூரியாவைத் தூர் பிடிக்கும்போது 26 கிலோ, கதிர் உருவாகும்போது 26 கிலோ, கதிர் வெளிவரும்போது 26 கிலோ என்று பிரியுங்கள். பொட்டாஷையும் இந்த நான்கு தவணையிலும் சமமாகச் சேர்க்க வேண்டும்.

இதில் பெரும்பாலும் தவறுவது மூன்றாவது தவணை. கதிர் உருவாகும் நாளைக் காலண்டரில் பார்த்தால் தப்பும். விதைத்து 45 நாள் ஆனதும் வயலுக்குள் நாலைந்து இடத்தில் தாய்த் தூரைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் பஞ்சு முனை போல வெள்ளையாக ஒன்று தெரியும். அதுதான் இளங்கதிர். அது தெரிந்த வாரத்தில் போடும் யூரியாதான் கதிருக்கு எத்தனை மணி என்பதை முடிவு செய்கிறது. தொண்டைக் கதிர் (இலை உறைக்குள் கதிர் புடைத்த நிலை) வந்த பிறகு அந்தத் தவணையைப் போட்டால் இலைதான் பச்சையாகும், மணி கூடாது.

வெள்ளைப் பொன்னிக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதற்கு எக்டேருக்கு 75:50:50 தான். ஏக்கருக்கு டிஏபி 44 கிலோ, யூரியா ஒரு மூட்டையை ஒட்டி, பொட்டாஷ் 33 கிலோ. இரண்டு மூட்டை யூரியா போட்ட பொன்னி ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல்லில் பால் பிடிப்பதும் நின்றுபோகும், அறுவடைச் செலவும் ஏறும்.

உளுந்து போட்ட வயலில் அடுத்த நெல்லுக்கு யூரியாவைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். எவ்வளவு என்பது உளுந்துச் செடி எங்கே போனது என்பதைப் பொறுத்தது.

பயறு வகைப் பயிர் ஒன்று, பின்வரும் தானியத்துக்கு எக்டேருக்கு 20 முதல் 40 கிலோ தழைச்சத்து மிச்சம் வைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏக்கருக்கு 8 முதல் 16 கிலோ. ஆனால் நம் ஊரில் உளுந்தை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, மிஞ்சும் பொட்டு (தோலும் சருகும்) முழுவதையும் மாட்டுக்குப் போடுகிறோம். வேர் முடிச்சு சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி காய் பிடிக்கும்போதே பருப்புக்குப் போய்விடும், மிச்சம் இலையிலும் தண்டிலும் இருக்கும். இரண்டும் வயலை விட்டுப் போனால் மண்ணுக்கு நிற்பது உதிர்ந்த இலை மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒருபோகப் பகுதியில் தையிலோ மாசியிலோ விதைத்த உளுந்து சித்திரைக்குள் வந்துவிடும். அடுத்த நெல் நடவு புரட்டாசி, ஐப்பசியில். நடுவில் ஐந்து மாதம். அதற்குள் உளுந்து விட்ட தழைச்சத்து நைட்ரேட்டாக மாறியிருக்கும். கோடை மழையில் ஒரு பகுதி கீழே இறங்கும். மிச்சம், வயலில் தண்ணீர் கட்டித் தொழி (சேற்றுழவு) உழுததும் காற்றாகப் போய்விடும். எனவே செடியைப் பிடுங்கி எடுத்த ஒருபோக வயலில் உளுந்தை நம்பி யூரியாவைக் குறைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. செடியைத் தரையோடு அறுத்து வேரை விட்டு, அடித்த பொட்டையும் வயலில் பரப்பி உழுதிருந்தால் 20 கிலோ யூரியா வரை குறைக்கலாம். உளுந்து எடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த தானியம் விதைக்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் உறுதி.

யூரியா மிச்சம் ஆகாவிட்டாலும் உளுந்துக்குப் பின் வரும் தானியம் நன்றாக வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தானியத்தைத் தாக்கும் வேர் நோய்க்கும் புழுவுக்கும் ஒரு பருவம் உணவு கிடைக்காது. தொழியில் இறுகிய மண்ணும் உளுந்து வேரால் கொஞ்சம் இளகும்.

தரிசு உளுந்துக்கு உரமே வேண்டாமாமே?

அடியுரம் போட வழியில்லை, அவ்வளவுதான். நெல்லுக்குப் போட்ட மணிச்சத்தில் அந்தப் பயிர் எடுப்பது 15 முதல் 20 சதவீதம்தான், மிச்சத்தில் உளுந்து பிழைக்கும். ஆனால் ஈரம் வற்ற வற்ற வேரால் அதை இழுக்க முடியாது. அதனால் இலை வழியாகக் கொடுக்கிறோம்: டிஏபி 4 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் முந்தின நாள் ராத்திரி ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை. கலக்கி ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும், அடிவண்டல் இலையையும் கருக்கும். டிஏபிக்குப் பதில் பல்கலைக்கழகத்தின் 'பயறு ஒண்டர்' என்ற ஊட்டக் கலவையை, ஏக்கருக்கு 2 கிலோ வீதம், பூ உச்சத்தில் ஒரே தடவை தெளிக்கலாம்.

விதைப்பு விஷயமும் ஒன்று. நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் 10 கிலோ விதையை வீசுவது கையறுப்பு இருந்த காலத்து முறை. இப்போது மிஷின் சக்கரம் ஓடுகிற தடம் முழுக்க முளை நசுங்குகிறது. மிஷின் அறுவடை என்றால் அறுத்த மறுநாளே விதைத்துவிடுவது மேல்.

யூரியா விலை குறைவு. அதையே கூட்டிப் போட்டால் என்ன?

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்று இருக்கும்போது கை யூரியா பக்கம் போவது இயல்பு. ஆனால் தழைச்சத்தை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் பயிர் மண்ணிலிருக்கும் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் வேகமாகச் சுரண்டும். முதல் சில போகத்துக்குத் தெரியாது, பிறகு யூரியாவுக்கும் பலன் நின்றுவிடும்.

கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் உண்டு. 1972-லிருந்து அங்கே கேழ்வரகு, மக்காச்சோளச் சுழற்சியிலும் நீண்டகால உரச் சோதனை நடக்கிறது. தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி, எதுவுமே போடாத பாத்தியை ஒட்டியே நிற்கிறது. மணிச்சத்து சேர்ந்ததும் மகசூல் தாவுகிறது. மூன்று சத்தும் தொழு உரமும் சேர்ந்த பாத்திதான் வருஷக்கணக்கில் மேலே நிற்கிறது. நம் கரிசலிலும் மணிச்சத்துதான் பல இடத்தில் முட்டுக்கட்டை.

மிஞ்சிய யூரியாவால் வேறு தொல்லையும் வரும். இலை கரும்பச்சையாகித் தளதளவென்று நின்றால் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும், குலைநோயும் ஏறும். யூரியாவில் ஒரு செலவு, மருந்தில் இன்னொரு செலவு.

யூரியா எப்போது போதும் என்று கண்ணால் எப்படித் தெரிந்துகொள்வது?

இலை வண்ண அட்டை, அதாவது வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட நிறப் பட்டைகள் உள்ள அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலை 8 முதல் 10 மணிக்குள், நன்றாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டை மேல் வைத்துப் பாருங்கள். இலையைப் பறிக்க வேண்டாம். வெயில் நேராக விழாமல் உங்கள் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இடத்தில் பார்த்து ஆறு இடத்தில் நிறம் 4-க்குக் கீழே இருந்தால், மழைக்காலப் போகத்தில் 26 கிலோ, வெயில்காலப் போகத்தில் 30 கிலோ யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு எல்லை 3. மண்ணில் ஏற்கெனவே சத்து இருக்கும் வயலில், முக்கியமாகப் பசுந்தாள் மடக்கிய வயலில், ஒரு தவணை யூரியா தானாக மிச்சமாகும். துத்தநாகம் குறைந்து வெளுத்த பயிரையும் அட்டை வெளுப்பாகத்தான் காட்டும், அங்கே யூரியா போட்டுப் பயனில்லை.

மேலுரம் போடும்போது தண்ணீர் எவ்வளவு இருக்கலாம்?

வடித்துவிட்டு, சேறு பளபளக்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு வீசுங்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டலாம். தேங்கிய தண்ணீரில் யூரியா கரைந்தால், மதிய வெயிலில் அமோனியாவாக ஆவியாகும், கரிசலில் இன்னும் வேகமாக. முறைப்பாசனத்தில் தண்ணீர் வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் உரம் போடும்படி வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

நெல்லுக்குப் பின் மக்காச்சோளம் போடுகிறேன். நெல்லுக்குப் போட்ட டிஏபி போதாதா?

போதாது. சுழற்சியில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் நிற்கும் வயலில் இரும்போடு ஒட்டிய மணிச்சத்து விடுபட்டு நெல்லுக்குத் தாராளமாகக் கிடைக்கும். அதே வயல் காய்ந்ததும் மணிச்சத்து மறுபடி இறுகிக்கொள்ளும். முளைத்து 15, 20 நாளில் மக்காச்சோள இலையோரம் ஊதா நிறமாகி, பயிர் வளராமல் நின்றால் அதுதான் காரணம். இரண்டு பயிருக்கும் சேர்த்து டிஏபி வாங்கக் கையில் பணம் பற்றவில்லை என்றால் நெல்லில் குறைத்து மக்காச்சோளத்துக்குக் கொடுங்கள்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டேருக்கு 250:75:75. ஏக்கருக்கு டிஏபி 65 கிலோ, பொட்டாஷ் ஒரு மூட்டை, யூரியா சுமார் 190 கிலோ. டிஏபியும் பொட்டாஷும் அடியுரமாக, அதோடு யூரியா 29 கிலோ. 25-ஆம் நாள் 109 கிலோ, 45-ஆம் நாள் 54 கிலோ. பாரின் (வரிசையாக அணைத்த மண் மேட்டின்) சரிவில் விதைக்கு நாலு விரல் தள்ளிக் கோடு கிழித்துப் போட்டு மூட வேண்டும். விதையோடு ஒட்டிப் போட்டால் முளை கருகும். 25-ஆம் நாள் உரத்தைப் போட்டு மண் அணைத்தால் களையும் போகும், யூரியாவும் மூடும்.

இந்த அளவு இறவைக்குத்தான். ஊருக்கு ஊர் மானாவாரி மக்காச்சோளத்துக்கும் நாலு மூட்டை யூரியா போடுவதைப் பார்க்கிறோம். மழை தவறினால் அது அத்தனையும் நஷ்டம்.

டிஏபியை மேலுரமாகப் போடலாமா?

வேண்டாம். மணிச்சத்து மண்ணில் நகராது. மேலே வீசினால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். பயிர் பச்சை கட்டுவது அதிலிருக்கும் 18 சதவீதத் தழைச்சத்தால். அதற்கு யூரியா போதும்.

துத்தநாகம் எதற்கு? சிங்க் சல்பேட்டை டிஏபியோடு கலக்கலாமா?

கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத துத்தநாகப் பாஸ்பேட்டாகி இரண்டு உரமும் வீணாகும். சிங்க் சல்பேட் 10 கிலோவை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து, கடைசிப் பரம்படித்த பிறகு நடவுக்கு முன் மேலாக வீசுங்கள். அதை உழுது புதைக்க வேண்டாம். ஒரு தடவை போட்டது பொதுவாக இரண்டு மூன்று போகத்துக்கு உதவும், பின்னால் வரும் மக்காச்சோளத்துக்கும் சேர்த்துத்தான்.

நட்ட இரண்டு முதல் நாலு வாரத்தில் அடி இலையில் துருப் புள்ளி, இளம் இலையின் அடியில் நடு நரம்பு வெளுப்பு, வயலில் திட்டுத்திட்டாகக் குட்டையான பயிர் தெரிந்தால் துத்தநாகக் குறைதான். மக்காச்சோளத்தில் இளம் இலையில் நடு நரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை விழும். உடனடிப் பரிகாரம்: 200 லிட்டர் தண்ணீருக்குச் சிங்க் சல்பேட் 1 கிலோ, யூரியா 2 கிலோ, 15 நாள் இடைவெளியில் அறிகுறி மறையும் வரை தெளிக்க வேண்டும்.

தக்கைப்பூண்டு மடக்கினால் எவ்வளவு உரம் மிச்சம்?

ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்க வேண்டும். 5 டன் பசுந்தழை விழுந்தால் சுமார் 20 முதல் 25 கிலோ தழைச்சத்து மண்ணுக்கு வருகிறது, அதாவது ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். அத்தனையும் முதல் போகத்திலேயே கிடைக்காது. அதனால் அரை மூட்டையைக் குறைத்து, மிச்சத்தை வண்ண அட்டை பார்த்து முடிவு செய்யுங்கள். 60 நாள் விட்டால் தண்டு நாராகி மக்க மாட்டாது, நடவு ஆட்கள் காலிலும் குத்தும். உளுந்துக்கும் நெல்லுக்கும் நடுவில் வயல் சும்மா கிடக்கும் ஒருபோகப் பகுதியில், ஆடி மழைக்குத் தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ வீசினால், முன்னே சொன்ன அந்த நைட்ரேட்டையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

வைக்கோலை உருளை கட்டி விற்கிறேன். அதனால் மண்ணுக்கு நஷ்டமா?

ஆம். நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஒரு டன் வைக்கோல் வெளியே போனால் 15 முதல் 20 கிலோ சாம்பல்சத்து போகிறது, அதாவது பொட்டாஷ் 25 கிலோவுக்குக் குறையாமல். போடும் 27 கிலோ பொட்டாஷ் அதற்கே சரியாகிவிடும். விற்கிற பணத்தில் பொட்டாஷுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். அல்லது மாட்டுக்குப் போன வைக்கோல் எருவாகத் திரும்பி வரட்டும். தாளை மடக்கி உழுகிறவர்கள் நடவுக்குப் பத்து நாள் முன்பே, முதல் தொழியில் ஏக்கருக்கு 9 கிலோ யூரியா சேர்த்து மடக்கினால், மக்கும்போது வரும் வெளுப்பு இருக்காது.

மானாவாரிச் சோளம், கம்பு, குதிரைவாலிக்கு உரம் போட்டுப் பலன் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. சோளத்துக்கும் கம்புக்கும் எக்டேருக்கு 40:20 தான். மணிச்சத்தை ஊட்டமேற்றிய தொழு உரமாகக் கொடுப்பதுதான் இங்கே சிறந்த வழி: நன்றாக மக்கித் தூளாக்கிய எரு 300 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை, இரண்டையும் ஈரம் தெளித்துக் கலந்து நிழலில் குவித்து, மேலே சேறு பூசி ஒரு மாதம் மூடி வையுங்கள். ஆவணியில் கலந்து வைத்தால் புரட்டாசி விதைப்புக்குத் தயார். யூரியா 35 கிலோவில் பாதியை விதைப்போடும், மீதியை 25, 30 நாளில் மழை ஈரம் இருக்கும்போது மட்டும் போடுங்கள். காய்ந்த நிலத்தில் போடுவதைவிடப் போடாமலிருப்பது நல்லது. குதிரைவாலிக்குத் தழைச்சத்து கூடினால் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

சோளத்தில் சுடுமல்லி (வேரில் ஒட்டி உறிஞ்சும் களை) வருகிற நிலத்தில் திரும்பத் திரும்பச் சோளம் போட்டால் எந்த உரமும் காப்பாற்றாது. பருத்தியோ தட்டைப்பயறோ ஒரு பருவம் போட்டால் அவற்றின் வேர்க் கசிவு சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும், ஆனால் ஒட்ட இடம் கிடைக்காமல் அது செத்துவிடும். அதற்கடுத்த சோளத்துக்குத் தழைச்சத்தைக் குறைக்காமல் போட வேண்டும். சத்துக் குறைந்த மண்ணில்தான் சுடுமல்லி அதிகம் பிடிக்கும். மிஞ்சி முளைத்ததைப் பூக்கும் முன் கையால் பிடுங்கிவிடுங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அந்த விதை பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும்.